ஏடு பறித்த வாக்குரிமை

மக்களாட்சியின் நான்காம் தூண் நாளேடு என்பது மேடைதோறும் நாம் கேட்டுப் பழகிய கூற்று. தூணாயின் அது கூரையைத் தாங்குதல் வேண்டும். கூரையின்கீழ் உள்ளாருள் ஒரு சாராரை வெளியே தள்ளுதற்குத் துணைநிற்குமாயின், அதனைத் தூண் என்று எங்ஙனம் அழைப்பது? ஊர்ச் செய்தியை ஊராருக்கே எடுத்துரைக்கும் வட்டார ஏடு, வாக்குரிமை பற்றிய செய்தியில் நடுநிலை பிறழின் விளைவது யாது? இவ்வினாவிற்கு விடை காண, அமெரிக்க வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்டுவோம்.

வில்மிங்டன் தரும் பாடம்

வடகரோலினா மாநிலத்தில் வில்மிங்டன் என்னும் துறைமுக நகர் உள்ளது. 1898-ஆம் ஆண்டில் அந்நகர மக்களுள் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அடிமைத்தளை நீங்கி ஒரு தலைமுறை கடந்திருந்த அந்நாளில் அவர்கள் வாக்களித்தனர், வணிகம் செய்தனர், அரசுப் பணிகளிலும் அமர்ந்தனர். அலெக்சாண்டர் மேன்லி என்பார் 'டெய்லி ரெக்கார்டு' என்னும் நாளேட்டையும் நடத்தினார். மாநில ஆட்சி, குடியரசுக் கட்சியும் மக்கள் கட்சியும் இணைந்த கூட்டணியிடம் இருந்தது.

இதனைப் பொறாத அந்நாளைய சனநாயகக் கட்சியினர், வெள்ளையர் மேலாதிக்கம் என்னும் முழக்கத்தோடு 1898 தேர்தலில் இறங்கினர். அவர்களுக்கு வாய்த்த பெரும் படைக்கலம், தலைநகர் ராலேயிலிருந்து வெளிவந்த 'நியூஸ் அண்ட் அப்சர்வர்' நாளேடு. அதன் ஆசிரியர் ஜோசபஸ் டேனியல்ஸ். கறுப்பினத்தவர் குற்றம் புரிந்தனர் என்று காதில் விழுந்தவற்றையெல்லாம் அவ்வேடு பெருந்தலைப்பிட்டு வெளியிட்டது. அவற்றின் மெய்ம்மையைத் தாம் கவனமாக ஆராயவில்லை என்பதனைப் பிற்காலத்தில் தம் வாழ்க்கை நினைவுகளில் அவரே ஒப்புக்கொண்டார். எழுத்தறியாத வெள்ளையர்க்கும் எட்டும்வண்ணம் நார்மன் ஜெனெட் என்பவரின் கேலிச்சித்திரங்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று, கறுப்பினத்தவரின் ஆட்சியைச் சிறகு விரித்த குருதிகுடிக்கும் பேயாகக் காட்டியது. அப்பேயின் கால் வாக்குப் பெட்டியின்மேல் ஊன்றியிருந்தது.

விசாரணையின்றிக் கறுப்பின ஆடவரைக் கும்பல் கூடிக் கொல்வதை ஆதரித்த பேச்சொன்றினை மறுத்து, 1898 ஆகஸ்டில் மேன்லி தம் ஏட்டில் எழுதினார். அம்மறுப்புரையின் பகுதிகளைப் பிற ஏடுகள் தேர்தல் நெருங்கும்வரை மீண்டும் மீண்டும் அச்சிட்டுச் சினத்தை மூட்டின. நவம்பர் 8-இல் தேர்தல் முடிந்தது. சனநாயகக் கட்சி வென்றது. நவம்பர் 10-இல் ஆயுதம் ஏந்திய கூட்டம் மேன்லியின் அச்சகத்தை எரித்தது. கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டனர். மேலும் பலர் காட்டிலும் சதுப்பு நிலத்திலும் ஒளிந்தனர். முறைப்படி பதவியிலிருந்த நகரத்தலைவரையும் மன்ற உறுப்பினரையும் துப்பாக்கி முனையில் விலகச் செய்து, கூட்டத்தை நடத்தியோரே அவ்விருக்கைகளில் அமர்ந்தனர்.

அடுத்து வந்தது சட்டம். 1900-இல் நிறைவேறிய திருத்தம், எழுத்தறிவுத் தேர்வையும் தலைவரியையும் வாக்குரிமைக்கு நிபந்தனையாக்கியது. 1867 சனவரி முதல் நாளில் வாக்குரிமை பெற்றிருந்தோரின் வழித்தோன்றல்கள், 1908-க்குள் பதிந்துகொண்டால், அத்தேர்வு அவர்களுக்கு இல்லை. அந்நாளில் கறுப்பினத்தவர்க்கு அங்கு வாக்குரிமையே கிடையாது என்பது நினைக்கத்தக்கது. எழுத்தறியாத வெள்ளையரைப் படம் காட்டி ஈர்த்த அதே ஏடு, இத்திருத்தத்தையும் முன்னின்று ஆதரித்தது. 1896-இல் ஒன்றேகால் இலட்சம் அளவில் இருந்த கறுப்பின வாக்காளர், 1902-இல் ஏறத்தாழ 6,100 பேராகக் குறைந்தனர். பறிபோன உரிமைக்குத் தக்க பாதுகாப்புக் கிடைக்க 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

சொல்லில் ஒளிந்த சார்பு

மொழி பயில்வோராகிய நாம் இங்குச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அவ்வேடுகள் எடுத்தாண்ட சொற்களைத் தமிழில் கூறின், ஒன்று 'கறுப்பர் ஆதிக்கம்'. மற்றொன்று 'இனக் கலவரம்'. வில்மிங்டன் நகரத்தலைவர் வெள்ளையர். காவல் தலைவரும் வெள்ளையர். மன்ற உறுப்பினருள்ளும் கறுப்பினத்தவர் சிறுபான்மையினரே. மக்களுள் பெரும்பான்மையினர் பதவிகளில் சிறுபங்கு பெற்றமைக்கு 'ஆதிக்கம்' என்று பெயர் சூட்டினர்.

'கலவரம் மூண்டது' என்னும் தொடரையும் இலக்கண நோக்கில் காண்போம். இதில் எழுவாய் கலவரம். மூட்டியவர் தொடரில் இல்லை. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியைக் கவிழ்த்த செயல் நூறாண்டு அளவும் 'கலவரம்' என்றே வழங்கியமைக்கு இச்சொல்லாட்சி பெருங்காரணம் எனலாம்.

மௌனமும் ஒரு சார்பே

பொய் உரைத்தல் ஒரு வகை. உரைக்காமல் விடுதல் மற்றொரு வகை. கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் 1960-களில் கறுப்பின மக்கள் உணவகங்களில் அமர்ந்து அறப்போர் நடத்தினர், ஊர்வலம் சென்றனர். உள்ளூர் ஏடுகளோ அவற்றைப் பெரும்பாலும் கண்டும் காணாதுபோல் விட்டன. கறுப்பினத்தவர் செய்திக்கெனத் தனிப்பத்தி ஒதுக்கி, அதற்குள் அவர்களை அடக்கின. அவ்வேடுகளின் வழிவந்த 'ஹெரால்டு லீடர்' 2004 சூலை 4-இல் இதனை முதற்பக்கத்தில் ஒப்புக்கொண்டு வருந்தியது. 'நியூஸ் அண்ட் அப்சர்வர்' ஏடும் 2006 நவம்பரில் வில்மிங்டன் நிகழ்ச்சி குறித்துச் சிறப்பிதழ் வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. பாராட்டத்தக்கதே. எனினும், நூற்றெட்டு ஆண்டுகள் கழிந்து வந்த வருத்தத்தைக் கேட்பதற்கு, வாக்கிழந்தவருள் எவர் உயிரோடிருந்தார்?

ஏட்டின் உரிமையாளருக்குத் தம் கருத்தைக் கூற உரிமை இல்லையா எனச் சிலர் வினவலாம். உண்டு, அதற்கெனத் தலையங்கம் இருக்கின்றது. செய்திப் பத்தியில் கருத்தைச் செய்தியாக வேடமிட்டு உலவவிடுவதனையே நாம் குறை கூறுகின்றோம். சார்பின்றி எழுதினால் ஊரில் பிழைக்க இயலாது என்பாரும் உளர். அது முற்றிலும் பொய்யன்று. மிசிசிப்பி மாநிலத்தில் சிற்றூர் ஏடு நடத்திய ஹேசல் பிரானன் ஸ்மித் என்னும் வெள்ளையின அம்மையார், வாக்காளராகப் பதியச் சென்ற கறுப்பின உழவர் ஒருவரின் வீடு 1963-இல் தீக்கிரையானபோது, அவ்வுழவரையே கைது செய்த காவல் அதிகாரியைக் கண்டித்து எழுதினார். அவர் ஏட்டிற்கு விளம்பரங்கள் நின்றன, கடன் பெருகியது. 1964-இல் புலிட்சர் பரிசு அவரை நாடி வந்தது. நடுநிலைக்கு விலை உண்டு. அதனைக் கொடுத்தவரும் உண்டு.

நம் கடமை

எழுத்தறியாதவர்க்கும் வாக்குரிமை வழங்கிய அரசியலமைப்பு நம்முடையது. எனவே எழுத்தறிந்தோர் மீதுள்ள பொறுப்பு பெரிது. தேர்தற் செய்தியைப் படிக்கும் மாணவர், தொடரின் எழுவாய் யார் என்று தேடுக. குற்றம் சாட்டப்பட்டவரின் மறுமொழி அச்சேறியுள்ளதா என நோக்குக. ஒரு செய்தியை ஈரேடுகளில் ஒப்பிட்டுக் காண்க. யாருடைய குரல் அங்கு இல்லை என வினவுக. சமுதாயப் பெரியோர், தம் சாரார்க்கு இனிக்கும் ஏட்டினையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும். ஏட்டின் மன்னிப்பு நூற்றாண்டு கடந்தும் வரலாம். வாசகரின் வினாவோ அன்றைய ஏட்டின் மை உலருமுன் எழுதல் வேண்டும்.