காலி மனை அல்ல

"கையில் செல்போன் இருக்கும்போது மலைமேல் ஏறி நின்று கத்துவானேன்?" என்று ஹாம் ரேடியோக்காரர்களைக் கேட்கிறார்கள். மார்க்கெட்டில் மீன் கிடைக்கிறபோது தூண்டில் போடுவானேன் என்று யாரும் கேட்பதில்லை. போகட்டும், கேலியால் யாரும் செத்ததில்லை. அடுத்தபடியாக அவர்கள் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை: "இந்த விளையாட்டுக்கு இவ்வளவு விலையுள்ள அலைவரிசைகள் எதற்கு?"

விலை எப்போது வந்தது? 1912-இல் அமெரிக்கச் சட்டம் ஒன்று அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் கீழே தள்ளிற்று. நீண்ட அலைதான் தூரம் போகும், குட்டை அலை உதவாது என்பது அன்றைய பெரியவர்களின் சித்தாந்தம். பழஞ்சோற்றைப் போடுகிற மாதிரி போட்டார்கள். 1921 டிசம்பரில் பால் காட்லி ஸ்காட்லாந்தில் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரமடித்து உட்கார்ந்து, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்த அமெச்சூர்களைக் காதால் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்ஸிலிருந்து லியோன் டெலாய், சுமார் 100 மீட்டர் அலையில், அமெரிக்காவோடு மோர்ஸில் சம்பாஷித்தார். அப்புறம் குட்டை அலைக்கு வந்த மவுசைச் சொல்ல வேண்டியதில்லை.

மைக்ரோவேவிலும் அதே கதைதான். பிரிட்டனில் 2.3, 3.4 கிகாஹெர்ட்ஸில் அமெச்சூர்களிடமிருந்த பெரிய துண்டுகளைப் பிடுங்கி, 2018-இல் டெலிபோன் கம்பெனிகளுக்கு ஏலம் போட்டார்கள். அமெரிக்காவில் 3450 முதல் 3500 மெகாஹெர்ட்ஸ் வரை 2022 ஏப்ரலோடு கதவடைப்பு. சட்டப்படி நியாயந்தான். அமெச்சூர் அங்கே இரண்டாந்தரக் குடித்தனக்காரர். வீட்டுக்காரன் சொன்னால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். ஆனால் காலி மனை என்று சொல்லி விற்றால் எனக்குக் கோபம் வருகிறது.

காலியா? அக்டோபர் முதல் சனிக்கிழமை பிற்பகல் தொடங்கி 24 மணி நேரம் ஐரோப்பாவெங்கும் நடக்கிற போட்டியை வந்து பார்க்கட்டும். 432 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே பல படிகள். கிலோமீட்டருக்கு ஒரு மார்க். தென் இங்கிலாந்துக் குன்றொன்றில் ஒரு நண்பருக்குக் குமாஸ்தாவாக இருந்து நானும் பதிவேடு எழுதியிருக்கிறேன். 10 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் மூன்றே சென்டிமீட்டர். இரண்டடி விட்டமுள்ள தட்டு மூன்று நான்கு டிகிரிதான் பார்க்கும்; ஒரு விரல் அகலம் தப்பினால் ஆள் இல்லை. பரிமாறிக்கொள்வதும் சொற்பம்: சமிக்ஞையின் பலம், வரிசை எண், இடத்தைக் குறிக்கும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. அவ்வளவுக்கு அரை மணி தட்டைத் திருப்பியதுண்டு.

மாலையில் தொலைவில் கருமேகம் திரண்டது. நான் குடையைத் தேடினேன். நண்பரோ தட்டை மேகத்தின்மேல் திருப்பினார். மழைத்துளிகள் இந்த அலையைச் சிதறடிக்கும். மறுபுறத்தில் ஒருவரும் அதே மேகத்தைப் பார்த்திருந்தால், நடுவில் குன்றே இருந்தாலும் காதில் விழுவார். விழுந்தார். மோர்ஸ் ஒலி சுத்தமாக இல்லை. சளி பிடித்த தொண்டைபோல் கரகரத்தது. மழை இருவருக்கும் கம்பியாயிற்று. ஏலக்காரர்களின் கணக்கில் இதற்கு எந்தப் பத்தியில் இடம்?

சில ஹாம்கள்மீதும் எனக்கு வழக்கு உண்டு. 1296 மெகாஹெர்ட்ஸ் பெட்டியை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு, அலைவரிசை பறிபோகிறதே என்று சங்கத்துக்குக் கடிதம் மட்டும் எழுதுகிறார்கள். அந்த அலைவரிசையில் கலீலியோ செயற்கைக்கோள்களுக்கும் பங்கு உண்டு. அமெச்சூர்களுக்கு அங்கே நெருக்கடி ஏற்கெனவே வந்தாயிற்று. கடிதத்தைப் பிறகு எழுதலாம். அக்டோபரில் பெட்டியை வெளியே எடுத்து, பக்கத்து ஊர்க்காரருக்காவது ஒரு வரிசை எண் கொடுக்கட்டும்.