பாட்டுக்கு மாலை, வாத்தியக்காரனுக்குப் பட்டினியா?

திருவண்ணாமலையில் இசையமைப்பாளர் இளையராஜாவுக்கு ஒரு சிறு பாராட்டுக் கச்சேரி நடத்த வேண்டுமென்று ரசிகர்கள் சிலர் முனைந்திருக்கிறார்கள். இவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர், பாத்திரக் கடையில் நிற்பவர், கழனி வேலைக்குப் போகிறவர், இப்படிப்பட்டவர்கள். நாளெல்லாம் உழைத்து அலுத்த உடம்புக்கு அந்தப் பாட்டு ஆறுதல் தந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல நினைக்கிறார்கள். நல்ல காரியம். மனமார வரவேற்கிறோம்.

ஆனால், எப்படி நடத்துவது என்பதில் இரண்டு அபிப்பிராயங்கள் கிளம்பியுள்ளன.

ஒரு தரப்பு சொல்கிறது: “வாத்தியக் கோஷ்டி எதற்கு? பாட்டின் இசை முழுவதும் ‘டிராக்’ ஆகவே கிடைக்கிறது. அதை ஓடவிட்டு இரண்டு பேர் பாடினால் போதும். மனை விற்கும் ஒரு முதலாளி மேடைச் செலவை ஏற்றுக்கொள்வார். அவர் படத்தைப் பெரிதாக வைத்துவிடலாம். முன்வரிசை சோபாவுக்கு டிக்கெட் போடலாம்.”

மறு தரப்பு சொல்கிறது: “வாத்தியக்காரர்கள் மேடையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். பணத்தை நாமே திரட்டுவோம்.”

இதில் நாம் எந்தப் பக்கம்? தயக்கமின்றிச் சொல்கிறோம்: இரண்டாவது பக்கம். ஏன் என்பதை விளக்க வேண்டியது நம் கடமை.

யாரைப் பாராட்டப் போகிறோம் என்பதை முதலில் பார்ப்போம். 1943ல் பண்ணைப்புரம் கிராமத்தில் பிறந்தவர் அவர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிய மக்கள் கலைஞர். 1958ல் கேரளத்தில் தேவிகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தபோது, தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர்கள் மத்தியில் பாவலரின் பாட்டு முழங்கியது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். பின்னர் அந்த அண்ணனின் கோஷ்டியில் தம்பி ராசையாவும் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய், தெருமுனையில் மேடை போட்டு, ஆர்மோனியம் வாசித்துப் பாடினார்கள். அந்த ராசையாதான் 1976ல் ‘அன்னக்கிளி’ படத்தின் மூலம் நாடறிந்த இளையராஜா ஆனார்.

பாவலரின் கோஷ்டியைக் கேட்க யாரும் டிக்கெட் வாங்கவில்லை. முன்வரிசையில் சோபாவும் இல்லை. கேட்டவர்கள் மண்ணில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த மண்தரையில் பழகிய கலைஞனைப் பாராட்ட, மனை வியாபாரியின் படத்துக்குக் கீழே மேடை போடுவதா? இது பாராட்டா, விளம்பரமா?

அவர் பிற்காலத்தில் வேறு வழியில் சென்றார், அது உண்மை. ரமணரிடம் பக்தி கொண்டார். ‘ரமண மாலை’ என்ற இசைத் தொகுப்பையும் தந்தார். திருவண்ணாமலைக்கும் அவருக்கும் உள்ள உறவு அதனால் வந்ததுதான். 2022ல் ராஜ்ய சபைக்கு நியமன உறுப்பினராகவும் ஆக்கப்பட்டார். அவருடைய எல்லா அபிப்பிராயங்களோடும் நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை. கலைஞனைப் பாராட்டுவது வேறு, அவன் காலில் விழுவது வேறு. பாட்டு மக்களுடைய சொத்தாகிவிட்டது. அந்தப் பாட்டுக்கு நன்றி சொல்லும் உரிமை உழைப்பவர்களுக்கு நிரம்ப உண்டு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அந்தப் பாட்டு எப்படி உருவாயிற்று?

இளையராஜா இசையை மனத்தில் கண்டு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பவர். ஆனால் காகிதம் பாடாது. அதை ஒலியாக்க மனிதக் கைகள் வேண்டும். வயலின் வாசித்த வி.எஸ்.நரசிம்மன், புல்லாங்குழல் வாசித்த நெப்போலியன் என்ற அருண்மொழி, பேஸ் கிதார் வாசித்த சசிதரன், டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், கீபோர்டு வாசித்த விஜி மானுவேல், இப்படி எத்தனையோ பேர் அந்தக் கூடத்தில் உழைத்தார்கள். ஆரம்ப காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்தார்கள். கோஷ்டியில் ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஆலையில் ஒரு பிரிவு நின்றால் அடுத்த பிரிவும் நிற்கிறதல்லவா? அதுபோலத்தான். பாட்டும் கூட்டு உழைப்பின் பலன்.

ஆனால் படத்தின் சுவரொட்டியில் நெப்போலியன் பெயர் வந்ததா? சசிதரன் பெயர் வந்ததா? நாற்பது ஆண்டுகளாக நம் வீட்டு ரேடியோவில் வாசித்தவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு யந்திரம் வந்தது. 1980களிலும் 1990களிலும் சிந்தசைசரும் கம்ப்யூட்டரும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தன. வரிசையாக உட்கார்ந்து வயலின் வாசித்த பலரின் வேலையை ஒரு கீபோர்டு செய்யத் தொடங்கியது. வாத்தியக்காரர்கள் பலருக்கு அழைப்பு குறைந்தது. கல்யாணக் கச்சேரியும் கோயில் திருவிழாக் கச்சேரியும்தான் பலருக்குக் கதி என்றாயிற்று. இப்போது அந்த மேடைக்கும் ‘டிராக்’ வந்துவிட்டது.

நெல் அறுக்கும் யந்திரம் கழனிக்கு வந்தபோது நாம் என்ன கண்டோம்? அரிவாளோடு போன பெண்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். யந்திரத்தின் மேல் நமக்குப் பகை இல்லை. முதுகெலும்பை முறிக்கும் வேலையை யந்திரம் செய்வது நல்லதே. ஆனால், மிச்சமான கூலி யார் பைக்குப் போயிற்று? நாம் கேட்கும் கேள்வி அதுதான். கச்சேரி மேடையிலும் அதையே கேட்கிறோம். அதிலும் புல்லாங்குழல் ஊதுவது முதுகை முறிக்கும் வேலை அல்ல. ஒருவன் பத்து வருஷம் சாதகம் செய்து ஆசையோடு கற்ற வித்தை. அதை அவனிடமிருந்து பிடுங்குவதில் யாருக்கு லாபம்?

இளையராஜாவின் இசைக்கு மகுடம் என்று 2025ம் ஆண்டு மார்ச் 8ந் தேதி லண்டனில் நடந்த சிம்பொனி நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். அங்கே மேடையில் இருந்தது என்ன? பென்டிரைவா? இல்லை. பெரிய வாத்தியக் கோஷ்டி முழுவதும் உட்கார்ந்து வாசித்தது. லண்டன் மேடையில் வாத்தியக்காரனுக்கு நாற்காலி உண்டு. திருவண்ணாமலை மேடையில் மட்டும் அவனுக்கு இடமில்லையா?

இந்த இடத்தில் இன்னொரு இசையமைப்பாளரை நினைத்துக்கொள்வது அவசியம். எம்.பி.சீனிவாசன். 1925ல் பிறந்தவர், 1988ல் மறைந்தவர். 1960ல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர். அவருக்குக் கிடைத்த படங்கள் குறைவு. ஆனால் சென்னை சினிமா வாத்தியக்காரர்கள் தமக்கென ஒரு சங்கம் காண முன்னின்றவர் அவரே. வாசித்த கூலி உரிய வேளையில் கைக்கு வரவேண்டும், கலைஞனும் தொழிலாளிதான் என்ற எண்ணத்தை அந்தக் கூடங்களுக்குள் கொண்டுபோனவர் அவர். வாத்தியக்காரனை மறந்துவிட்டு எந்த இசையமைப்பாளரையும் பாராட்ட முடியாது என்பதை அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்கிறது.

“சரி, கையில் காசு இல்லையே, என்ன செய்வது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எட்டு வாத்தியக்காரர்கள். கச்சேரிக்கு ஆளுக்கு 1,500 ரூபாய். ஒத்திகை இரண்டு மாலை. ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய். ஒத்திகையும் வேலைதான், அதற்குக் கூலி இல்லை என்பது முதலாளி பேசும் பேச்சு. ஆளுக்கு 2,500 வீதம் எட்டுப் பேருக்கு 20,000 ரூபாய். மேடை, மைக் செட், விளக்கு, சாப்பாடு, மற்றவை எல்லாம் சேர்த்து இன்னொரு 20,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40,000. ஆளுக்கு 20 ரூபாய் வீதம் 2,000 பேர் தந்தால் தீர்ந்தது. 20 ரூபாய் என்பது ஒரு டீ, ஒரு வடையின் காசு. ஆலை வாசலிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் ரசீதோடு போய் நின்றால் கிடைக்காதா?

கிடைக்கும். நம் ஜில்லாவுக்கு இது புதிதல்ல. செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமம் தெருக்கூத்துக்கு நாடெங்கும் பேர் பெற்றது. அந்தக் கூத்தை எந்தக் கம்பெனி வளர்த்தது? ஊரார் வீட்டுக்கு வீடு போட்ட வரியும் அளந்த நெல்லும் வளர்த்தன. விடிய விடிய ஆடியவனுக்கு ஊரே கூலி கொடுத்தது. ஊரே இலவசமாகப் பார்த்தது. அந்தப் பழக்கம் நமக்கு மறந்து போகவில்லை.

நடத்துகிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்கிறோம்.

நாள்: இளையராஜாவின் பிறந்த நாள் ஜூன் 2ந் தேதி கொண்டாடப்படுகிறது. அது வைகாசி, முகூர்த்த மாதம். வாத்தியக்காரர்களுக்கு அப்போது வேலை இருக்கும். அதைவிட மார்கழியில் வையுங்கள். கல்யாணம் இல்லாத மாதம். வாத்தியக்காரன் வீட்டில் அடுப்பு மந்தமாக எரியும் மாதம். அப்போது கொடுக்கும் கூலி இரண்டு மடங்கு உதவும். கிரிவலக் கூட்டம் நெருக்கும் பௌர்ணமி நாள் மட்டும் வேண்டாம்.

நேரம்: இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் தடை உண்டு. ஆனால் நாம் 9 மணிக்கே முடிக்கச் சொல்கிறோம். செங்கம், வேட்டவலம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஊர் திரும்ப பஸ் வேண்டாமா? கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்கு முன்னால் இடம் விடுங்கள். சோபா வேண்டாம், ஜமுக்காளம் போதும்.

நிகழ்ச்சி: முப்பது பாட்டு வேண்டாம். பன்னிரண்டு பாட்டு போதும். அதைத் திருந்த வாசிக்கட்டும். வெளியூரிலிருந்து ஆள் தேட வேண்டாம். கல்யாண பாண்டில் வாசிப்பவர், மாதா கோயிலில் கிதார் வாசிப்பவர், தவில் வாசிப்பவர், எல்லோரும் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். பாட்டு முடிந்ததும் பாடியவர் பெயரோடு வாசித்த ஒவ்வொருவர் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள். ஒரு பைசா செலவில்லாத மரியாதை அது.

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். 2017ல், தமது அனுமதியின்றி மேடைகளில் தமது பாடல்களைப் பாடக் கூடாதென்று எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். “பாட்டுக்குக் காசு கேட்கிறாரே!” என்று ரசிகர்களில் பலர் ஏசினார்கள். நாம் ஏச மாட்டோம். கூலி கேட்பது எந்த நாளிலும் குற்றமல்ல. 1957ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012ல் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற வகையில் பாட்டு பயன்பட்டால், இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் சேர வேண்டிய பங்கைப் பட முதலாளி எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. இது உழைத்தவன் பக்கம் நிற்கும் விதி.

அதே சட்டத்தின் 52வது பிரிவு, அமெச்சூர் குழுக்கள் காசு வாங்காமல் நடத்தும் நிகழ்ச்சிக்கு விலக்கும் அளிக்கிறது. ஆனால் கூலிக்கு வாத்தியக்காரர்களை அமர்த்திவிட்டு அந்த விலக்கைக் கேட்டால் வாதத்துக்கு இடமுண்டு. ஆகவே உரியவர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். வாத்தியக்காரனுக்குக் கூலி கேட்கும் நாம், பாட்டு எழுதியவனுக்கும் இசையமைத்தவனுக்கும் உள்ள கூலியை மறைக்கலாமா? இந்த நியாயம் இரண்டு பக்கமும் வெட்டும். இசையமைப்பாளருக்கு இன்று ராயல்டி கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. அந்தப் பாட்டில் குழல் ஊதியவனுக்கோ அன்றைக்கு வாங்கிய கூலியோடு சரி. இந்தக் கணக்கையும் ஒரு நாள் தீர்க்கத்தான் வேண்டும்.

ரசிகத் தோழர்களே! கச்சேரி சிறியதாக இருக்கட்டும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மேடையில் எட்டு வாத்தியக்காரர்கள் தலை நிமிர்ந்து உட்காரட்டும். தரையில் ஆலைத் தொழிலாளியும் கழனிக் கூலியும் குடும்பத்தோடு உட்காரட்டும். முதலாளியின் படம் இல்லாத மேடையாக அது இருக்கட்டும். ரசீதுப் புத்தகத்தை இன்றே அச்சடியுங்கள். முதல் ரசீது நம் பெயரில் இருக்கட்டும்.