சாக்கில் கிழங்கு: விதையே முதல்

அண்மைக் காலத்தில் நாம் செல்லும் சங்கங்களில் எல்லாம் ஒரு கேள்வி எழுகின்றது. நெசவாளர் சங்கமாயினும் சரி, விவசாயிகள் சங்கமாயினும் சரி, பேரேடுகளைப் பார்த்து முடித்துப் புறப்படும் வேளையில் அங்கத்தினர் எவரேனும், "சாக்குப் பையில் உருளைக்கிழங்கு விளையுமாமே, மெய்தானா?" என்று கேட்கின்றனர். விளையும் என்பதே நமது விடை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வது நன்மையாகாது. எந்தப் பருவத்தில், எந்த விதையைக் கொண்டு, எவ்வளவு எதிர்பார்த்து என்னும் மூன்றையும் விளக்காமல் விளையும் என்று மட்டும் சொல்வது, வட்டியையும் தவணையையும் சொல்லாமல் கடன் வழங்குவதற்கு ஒப்பாகும்.

இதனை நாம் பட்டு உணர்ந்தே எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், சமவெளியில் உள்ள ஒரு நெசவாளர் சங்கத்தில், தறிக்கூடத்தின் பின்புறம் வெறுமனே கிடந்த இடத்தைக் கண்டு, ஆறு குடும்பத்தாரைச் சாக்கில் கிழங்கு போடச் சொன்னோம். அது மாசி மாதம். செடிகள் நெடுநெடுவென வளர்ந்தன. சித்திரையில் சாக்கைக் கவிழ்த்தபோது நெல்லிக்காய் அளவில் சில கிழங்குகளே உதிர்ந்தன. எவரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. முதிய நெசவாளர் ஒருவர் மட்டும், "மழை நாளில் பாவுக்குக் கஞ்சி போடலாமா என்று கேட்டிருந்தால் நாங்கள் சொல்லியிருப்போம், ஐயா. கிழங்குக்குப் பருவம் எதுவென்று தாங்கள் யாரையாவது கேட்டீர்களா?" என்றார். நம்மிடம் விடையில்லை. அன்று முதல் இப்பொருளைக் கற்கத் தொடங்கினோம்.

உருளைக்கிழங்கு குளிர் விரும்பும் பயிர். இரவின் வெப்பம் ஏறக்குறைய 20 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால்தான் அது நன்றாகக் கிழங்கு கட்டும். இரவு வெப்பம் மிகுந்தால் செடி தன் வலிமையை எல்லாம் இலையிலும் தண்டிலும் செலவழித்துவிடும். மலைப் பகுதியில் மார்ச்–ஏப்ரல், ஆகஸ்ட்–செப்டம்பர் மாதங்களிலும், நீர்ப்பாசனம் உள்ள இடங்களில் ஜனவரி–பிப்ரவரியிலும் நடுகின்றனர். சமவெளிக்கு அக்டோபர்–நவம்பர் ஒன்றே தக்க பருவம். ஓசூர், தாளவாடி போன்ற குளிர்ந்த மேட்டுநிலத்தார் நம்பிக்கையோடு முயலலாம். கடற்கரையை அடுத்த ஊர்களில் உள்ளோர்க்கு நாம் இதனைப் பரிந்துரைக்க மாட்டோம். அவர்கள் அதே சாக்கில் சேனையோ சேப்பங்கிழங்கோ போட்டால் பயன் கிட்டும்.

செய்முறை எளிது. 25 கிலோ அரிசி வரும் பை ஒன்றில் இரண்டு விதைக்கிழங்குகளுக்கு மேல் வேண்டா. பையின் அடியிலும் பக்கங்களிலும் நீர் வடியத் துளைகள் இடுக. தோட்டத்து மண், நன்கு மக்கிய எரு, மணல் அல்லது பதப்படுத்திய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்துகொள்க. மக்காத சாணம் ஆகாது. கிழங்கின் தோலில் சொறி விழும். பையின் வாயைப் பாதி வரை மடித்துவிட்டு அரை அடி உயரத்திற்குக் கலவையை நிரப்பி, முளை விட்ட விதையை முளை மேல்நோக்க வைத்து, நான்கு விரற்கடை மூடுக. முட்டை அளவுள்ள முழுக் கிழங்கே சிறந்தது. பெரிய கிழங்கை வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண்களேனும் இருத்தல் வேண்டும். வெட்டுவாய் உலரும் வரை இரண்டொரு நாள் நிழலில் வைத்த பின்னரே நடலாம்.

செடி முக்கால் அடி உயர்ந்ததும், நுனி இலைகள் வெளியே தெரியும்படி விட்டு, மேலும் கலவையை இட்டுப் பையின் மடிப்பை ஏற்றுக. வயலில் மண் அணைப்பது எதற்கோ, இதுவும் அதற்கே. வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சை நிறம் கொள்ளும். அதில் சொலானின் என்னும் நச்சுப்பொருள் மிகும். அத்தகைய கிழங்கைச் சமையலுக்குக் கொள்ளலாகாது. சாக்கு மண் வயல் மண்ணைவிட விரைவில் உலருமாதலால் நாள்தோறும் விரலால் தொட்டுப் பார்த்து நீர் விடுக. சாயப்பட்டறையின் கழிவுநீரை எக்காரணத்தாலும் ஊற்றற்க. ஏறக்குறைய 90 முதல் 110 நாட்களில் இலைகள் மஞ்சளாகும். அதன்பின் நீரை நிறுத்திப் பத்து நாள் கழித்துக் கிழங்கெடுக்கலாம்.

இனி வரவு செலவைப் பார்ப்போம். சாக்கை உயர்த்த உயர்த்த மாடி மாடியாகக் கிழங்கு இறங்கும், ஒரே பையில் மூட்டைக்கணக்கில் எடுக்கலாம் என்று சொல்வோர் உளர். நாம் அதை நம்பவில்லை. பெரும்பாலான இரகங்கள் விதைக்குச் சற்று மேலேயே கிழங்கு வைக்கின்றன. நல்ல பருவத்தில், நல்ல விதையில், பை ஒன்றுக்கு ஒரு கிலோ முதல் இரண்டு கிலோ வரை கிடைத்தால் அது நிறைவான விளைச்சலே. எனவே இது வீட்டுச் சமையலுக்கு உதவும் முயற்சியேயன்றி வருமானத்திற்கான தொழிலன்று. இதற்கெனச் சங்கங்கள் கடன் வழங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. தறியை நிறுத்திவிட்டுச் சாக்கைக் கவனிப்பதும் கூடாது. முதல் ஆண்டில் மூன்று பைகள் போதும். விதை, எரு, பை, எடுத்த எடை ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்து வைத்தால் மறு ஆண்டு செய்வதா, விடுவதா என்பதை அத்தாளே சொல்லிவிடும்.

நிற்க. நாம் வற்புறுத்த விரும்புவது விதையைப் பற்றியே. கடையில் வாங்கிய கிழங்கு முளைத்திருந்தால் அதையே நட்டுவிடுவது பலருடைய வழக்கம். சிலர் உதகைக்குச் சென்று திரும்பும்போது விதைக்கென்று கிழங்கும், அதனோடு ஒட்டிய மண்ணுமாகக் கொண்டுவருகின்றனர். இது பெருந்தவறு. 1961-இல் நீலகிரியில் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. வேரைத் தாக்கி விளைச்சலைக் குலைக்கும் இப்புழுவின் முட்டைகள், கடுகினும் சிறிய கூட்டுக்குள் இருபது ஆண்டுகள் வரையிலும் மண்ணில் உயிரோடு கிடக்க வல்லவை. அதனாலன்றோ 1971-இல் நீலகிரியின் விதைக்கிழங்கு வெளியே செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது! பின்னர்க் கொடைக்கானல் மலையிலும் இப்புழு காணப்பட்டது. 2018-இல் இமாசலப் பிரதேசம், ஜம்மு–காஷ்மீர், உத்தரகண்ட் ஆகிய பகுதிகளின் விதைக்கிழங்குக்கும் இதே காரணத்தால் தடை வந்தது.

"எங்கள் ஊர் வெயிலில் அப்புழு தழைக்காது" என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் சாக்கு மண் சாக்கிலேயே இருப்பதில்லை. அறுவடை முடிந்ததும் அது குப்பைமேட்டுக்குப் போகிறது, எருவோடு வண்டியேறுகிறது, குளிர்ந்த மேட்டுநிலத்தில் உள்ள ஒரு விவசாயியின் வயலை அடைவதற்கு நெடுந்தொலைவு இல்லை. நெசவாளர் ஒருவர் விளையாட்டாக வைத்த மூன்று பைகளால், அதே ஒன்றியத்தைச் சேர்ந்த விவசாய அங்கத்தினர் ஒருவருடைய நிலம் ஒரு தலைமுறைக்குக் கெடுமானால், அக்கிழங்கை எவ்வாறு உண்பது? தம் நலத்தில் பிறர் நலமும் அடங்கும் என்று நாம் கூட்டந்தோறும் சொல்வது இத்தகைய சிறு செய்கைகளில்தான் மெய்ப்பட வேண்டும்.

ஆகவே நமது யோசனை இது. விதையைத் தனித்தனியே தேடாமல், வேண்டுவோர் பெயரைச் சங்கத்தில் பதிந்து, ஆகஸ்ட் மாதத்திற்குள் தேவையைத் திரட்டி, தோட்டக்கலைத் துறையாரைக் கலந்து, நோயற்ற பகுதியில் விளைந்த சான்றுபெற்ற விதையை மொத்தமாகத் தருவிக்கலாம். ஒருவர் ஐந்து கிழங்குக்காகச் சான்று விதை வாங்க இயலாது. ஐம்பதுபேர் சேர்ந்தால் ஒரு மூட்டை தாராளமாக வாங்கலாம். மலைவாழ் விவசாயிகள் இப்புழுவுக்கு எதிர்ப்பு உள்ள குஃப்ரி சொர்ணா போன்ற இரகங்களை நாடுவதும், பயிர் மாற்றிச் செய்வதும் நலம். குஃப்ரி சொர்ணா 1985-இல் வெளியிடப்பட்டது.

உருளைக்கிழங்கும் கூட்டுறவும் நம் நாட்டில் புதிய உறவினர் அல்லர். மேட்டுப்பாளையத்து இடைத்தரகரிடம் நீலகிரி விவசாயி தம் மூட்டையை ஒப்படைத்துவிட்டுக் கொடுத்த விலையைப் பெற்றுவந்த நிலையை மாற்றவே 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. படகர் தலைவர் ஆரி கௌடர் நெடுங்காலம் அதற்குத் தலைமை தாங்கினார். விற்பனையில் ஒன்றுகூடி அவர்கள் பெற்ற பயனை, விதை வாங்குவதில் ஒன்றுகூடி நாமும் பெறலாம்.

முன்னர்க் குறிப்பிட்ட சங்கத்தில், அடுத்த கார்த்திகையில் அந்த முதியவர் ஒருவரே மீண்டும் இரண்டு பை வைத்தார். தை முடிந்து மாசியில் நாம் சென்றபோது, எடைத்தாளை நம் கையில் கொடுத்தார். அதில் ஒன்றரைக் கிலோ என்று எழுதியிருந்தது. இரண்டு பைக்கும் சேர்த்துத்தான். குறைவே எனினும், பொய்யில்லாத கணக்கு. அங்கத்தினர்களிடம் நாம் வேண்டுவதும் அதுவே: பருவம் அறிந்து தொடங்குக, தூய விதை இடுக, உண்மைக் கணக்கு எழுதுக.