தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது தி.நகர்

மாம்பலம் ரயில் நிலையத்துக்கு மேற்கே உள்ள சின்னத் தெருக்களில் இரவு பத்தரை மணிக்கு மேல் போய் நின்று பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் ‘குட்டியானை’ சரக்கு வண்டி வந்து நிற்கும். இரண்டு பையன்கள் அட்டைப்பெட்டிகளை மளமளவென்று இறக்குவார்கள். கேட்டில் பழைய குடும்பத்தின் பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், உள்ளே துளசி மாடமும் இருக்கும். கூடத்தில்தான் ஆள் இல்லை. கூரை வரைக்கும் சரக்கு. தி.நகரில் சதுர அடிக்குக் கொடுக்கும் வாடகையில் மூட்டை அடுக்கி வைக்க எந்தக் கடைக்காரருக்கு மனம் வரும்? ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு பிடித்துவிட்டால் வேலை முடிந்தது.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) நில உபயோக வரைபடத்தில் மட்டும் அந்த வீடு இன்றைக்கும் குடியிருப்புதான்.

தி.நகரும் குடியிருக்கப் பிறந்த ஊர்தான் என்பதை மறந்துவிட்டோம். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் ஏரி நிலத்தைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, தியாகராயர் பெயரைச் சூட்டி, வீட்டுமனைகளாக வகுத்த பகுதி அது. அதைக் கடைத்தெருவாக்குவது என்று யாரும் ஒரே நாளில் கூடி முடிவெடுக்கவில்லை. முன்னறை கடையானது, பிறகு மாடி, பிறகு பக்கத்து மனை. இப்போது அதே கதை மேற்கு மாம்பலத்தில் நடக்கிறது. ஏரி போய் எத்தனையோ காலமாகியும் அங்கே லேக் வியூ ரோடு என்ற பெயர் நிற்கிறது. நாளைக்குக் குடியிருப்பும் போய் ‘காலனி’ என்ற பெயர் மட்டும் நிற்கும் போலிருக்கிறது.

பாண்டி பஜாருக்கு 2019இல் நடைபாதை வளாகம் வந்தது. தி.நகர் பேருந்து நிலையத்தையும் மாம்பலம் ரயில் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. பனகல் பூங்காவுக்கு அடியில் மெட்ரோ. ஒவ்வொன்றும் நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் கடைவீதிக்குப் போகும் வழியைச் சுலபமாக்கினால் கடைவீதியும் அதே வழியாக இந்தப் பக்கம் வரும். சரக்கறை, தையல் பட்டறை, ஊழியர் விடுதி, வண்டி நிறுத்தம் என்று தி.நகருக்குத் தேவைப்பட்டு, தி.நகரில் இடம் இல்லாத எல்லாவற்றையும் பக்கத்துப் பேட்டைதான் தாங்குகிறது.

வீட்டுக்காரரைத் திட்டிப் பயனில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், மருந்துச் செலவு மாதாமாதம்; குடும்பத்துக்கு விட்டால் கிடைப்பதைவிடக் கூடுதலாக, அதுவும் தண்ணீர்த் தகராறு இல்லாமல், கோடவுன் தருகிறது. தென் மாவட்டங்களிலிருந்து வந்து நாள் முழுக்க நின்றபடி துணி விரித்துக் காட்டும் பிள்ளைகளும் எங்கேயாவது படுத்துத்தானே ஆக வேண்டும்? இரண்டு குடும்பத்துக்குப் போட்ட கழிவுநீர்க் குழாயில் முப்பது பேர் குளித்தால் தெருவில் சாக்கடை பொங்கத்தான் செய்யும். வாடகைக்கு இருந்த ஓய்வூதியக்காரர்களும் சம்பளக்காரர்களும் சத்தமில்லாமல் புறநகருக்கு நகர்கிறார்கள்.

சத்தமில்லாமல் என்றுதான் சொல்ல வேண்டும். நில உபயோக மாற்றம் கேட்டு மனுப் போட்டால்தானே அரசுக்குத் தெரியும்? இங்கே மாற்றம் சுவருக்குள் முதலில் நடந்து முடிகிறது. காகிதம் பிறகு வருகிறது, அல்லது வரன்முறைத் திட்டம் வரும் வரை காத்திருக்கிறது. நகரமைப்புச் சட்டத்தில் முதலில் 113ஏ, பிறகு 113சி என்று பிரிவுகளைச் சேர்த்து விதிமீறிய கட்டடங்களுக்கு வழிவிட்ட அனுபவம் நமக்கு இருக்கிறது. காத்திருப்பவர்கள் ஏமாளிகள் அல்லர்.

இதில் வேடிக்கை, அரசுக்கு ஒன்றுமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. சொத்து வரிக்குக் குடியிருப்பு ஒரு கணக்கு, வணிகம் வேறு கணக்கு. மின் இணைப்பிலும் அப்படியே. கட்டணம் மாறிய வீடுகளின் பட்டியல் அரசு அலுவலகங்களிலேயே இருக்கிறது. வசூலிக்கும் கைக்குத் தெரிந்தது வரைபடம் போடும் கைக்கு எட்டவில்லை.

2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளி மாளிகை தீப்பற்றி, ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கடைசியில் இடித்தே தள்ளப்பட்டது. அது தீயணைப்பு வண்டிகள் வரிசையாக வந்து நிற்கக்கூடிய பெரிய சாலை. அந்தத் துணியும் அட்டையும் நெகிழியும் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் தூங்கும் அறைக்கு ஒரு சுவர் தள்ளி, இரண்டு பக்கமும் பைக் நிற்கும் சந்துக்குள் அடுக்கப்படுகின்றன.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கும்தான். அடுத்த திட்டத்திலும் சர்வே எண் வாரியாக வண்ணம் தீட்டி, மேற்கு மாம்பலத்தைத் தனித் தீவாகப் பார்த்தால் இன்னும் இருபது ஆண்டுகள் போச்சு. தி.நகரில் புதிதாக எழும் ஒவ்வொரு பெரிய கடையும் தன் சரக்கை எங்கே வைக்கும், தன் ஊழியரை எங்கே தங்க வைக்கும் என்பதைக் கட்டட அனுமதியின்போதே கேட்க வேண்டும். கோடவுனுக்கு நகரின் ஓரத்தில் இடமும், ஊழியருக்கு முறையான விடுதியும் ஒதுக்க வேண்டும். அதற்கு முன் தெருத் தெருவாகக் கணக்கெடுக்க வேண்டும். அதையும் இரவு பத்தரைக்கு மேல் எடுக்க வேண்டும். பகலில் போனால் துளசி மாடம்தான் கண்ணில் படும்.