வலைப்பூவுக்குச் சொந்த வீடா, வாடகை வீடா?

"சொந்தமாக டொமைன் வாங்கி, ஹோஸ்டிங் எடுத்து, வேர்ட்பிரஸ் போட்டுக்கொள்ளுங்கள் மாமா. இலவச இடத்தை நம்பாதீர்கள்!"

2009 கடைசியில், பள்ளிக்கரணையில் எங்கள் தெருவில் இருந்த ஒரு மாமாவுக்கு நான் சொன்ன யோசனை இது. இன்று யாராவது இதே கேள்வியோடு வந்தால் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மாமா ஓய்வுபெற்றவர். காலையில் சதுப்பு நிலத்தின் பக்கம் நடந்துவிட்டு வந்து, பூநாரை, நாமக்கோழி என்று அன்று பார்த்ததை எல்லாம் தேதி போட்டுத் தன் வலைப்பூவில் எழுதுவார். பிளாக்ஸ்பாட்டில் இலவசமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவருக்குப் பயம். 2006 ஜூலையில் சில தளங்களை மட்டும் முடக்கச் சொல்லி அரசு உத்தரவு போட, இன்டர்நெட் நிறுவனங்கள் பல பிளாக்ஸ்பாட் முழுவதையுமே சில நாட்கள் முடக்கிவிட்டன. 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியது. அதில் இலவசப் பக்கம் வைத்திருந்தவர்கள் எல்லாம் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. எனவே நான் சொன்னதை மாமா உடனே கேட்டுக்கொண்டார்.

'செல்ஃப் ஹோஸ்டிங்' என்றால் ஏதோ சொந்த வீடு போலத் தோன்றும். சர்வர் என்னவோ யாரோ ஒரு கம்பெனியுடையது. ஆண்டுதோறும் வாடகை கட்ட வேண்டும். அதற்கு மேல் வீட்டுப் பராமரிப்பும் நம் தலையில்! வேர்ட்பிரஸுக்கு அப்டேட், ப்ளக்இன்களுக்கு அப்டேட், சர்வரில் பிஎச்பி வெர்ஷன் மாறினால் பழைய தீம் படுத்துக்கொள்ளும். 2011-ல் ஹோஸ்டிங் கம்பெனியை மாற்றியபோது மாமாவின் தமிழ்ப் பதிவுகள் அத்தனையும் வெறும் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. டேட்டாபேஸ் ஒரு எழுத்துக் குறியீட்டில் இருக்க, நான் இன்னொன்றில் இறக்கியிருந்தேன். ஆங்கிலத்தில் எழுதுபவர் கண்ணில் இந்தத் தவறு படவே படாது. தமிழில் எழுதுபவருக்கோ ஒரு வரிகூட மிஞ்சாது. பழைய சர்வரை இன்னும் காலி செய்யாமல் இருந்ததால் தப்பித்தோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மாமா வீட்டுக் கீழ்த்தளம் மூழ்கி, கம்ப்யூட்டர் போயிற்று. பேக்கப், போட்டோ எல்லாம் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான். சர்வர் வேறு எங்கோ இருந்ததால் தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தீர்களா?" என்று நான் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

2019-ல் மாமா காலமானார். ஹோஸ்டிங் வாடகை முடிகிறது என்ற நினைவூட்டல் மெயில்கள் அவருடைய டொமைன் பெயரிலேயே இருந்த முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. பாஸ்வேர்ட் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த முகவரியை அமைத்துக் கொடுத்தவனும் நான்தான். அவருடைய மகள் என்னிடம் கேட்டபோது தளமும் இல்லை, டொமைனும் வேறு யாரோ கைக்குப் போயிருந்தது. இலவச பிளாக்ஸ்பாட்டில் இருந்திருந்தால் அவர் போன பிறகும் அது பாட்டுக்குக் கொஞ்ச காலம் இருந்திருக்கும்.

அப்படியானால் இலவசமே போதுமா? முழுவதும் நம்ப முடியாது. 2012 முதல் இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களை கூகுள் பிளாக்ஸ்பாட் டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிட்டது. பலரும் அதையே காப்பி செய்து லிங்க் கொடுத்தார்கள். 2020-ல் பார்த்தால் அந்த டாட் இன் முகவரி கூகுள் கையில் இல்லை! பதிவுகள் டாட் காமில் பத்திரமாக இருந்தன. பழைய லிங்க்குகள்தான் செத்துப்போயின. போதாததற்கு, இரண்டு ஆண்டு தொடாத கணக்குகளை நீக்கக்கூடும் என்று 2023-ல் கூகுள் அறிவித்தது.

ஆகவே இன்று என் கட்சி இதுதான்: முகவரி உங்களுடையதாக இருக்கட்டும், இடம் அடுத்தவருடையதாக இருக்கட்டும். எங்கள் ஊரில் வீட்டைவிடப் பட்டாவைத்தான் முதலில் பார்ப்பார்கள். இங்கே டொமைன்தான் பட்டா. பிளாகரில் சொந்த டொமைனை இணைக்கத் தனிக் கட்டணம் இல்லை. டொமைனுக்கு மட்டும் ஆண்டுதோறும் கட்டினால் போதும். வேர்ட்பிரஸ் டாட் காமில் இதற்குக் கட்டணத் திட்டம் எடுக்க வேண்டும். நாளை இடத்தை மாற்றினாலும் வாசகர் அதே முகவரிக்கு வருவார். டொமைனை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள், அமைத்துத் தருபவர் பெயரில் வேண்டாம். தொடர்பு முகவரியாக வேறு ஒரு மெயிலைக் கொடுங்கள்.

எக்ஸ்போர்ட் வசதி இரண்டிலும் உண்டு. வரும் எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுத்துகள் இருக்கும். படங்களுக்கு லிங்க் மட்டும்தான். படங்களைத் தனியாக எடுத்து, ஒரு காப்பியை வேறு வீட்டில் வையுங்கள். பள்ளிக்கரணை என்றால் மாடி வீடாகப் பாருங்கள்! கூகுள் கணக்கில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் நீண்ட நாள் வராவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று அதில் இப்போதே குறித்துவிடலாம்.

சர்வரை நோண்டுவதிலேயே சுகம் காண்பவர்கள் தாராளமாகச் சொந்த ஹோஸ்டிங் எடுக்கலாம். நானும் அந்த ஜாதிதான். மாமா அப்படி இல்லை என்பதை நான் அன்று கேட்கவில்லை.

இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடித் தேடி மாமாவின் பதிவுகளில் பாதியை மீட்டோம். படங்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. மகள் புதிதாக ஒரு டொமைனைப் பத்து ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பதிவு செய்து, மீட்டதை எல்லாம் பிளாகரில் ஏற்றி வருகிறார். பாஸ்வேர்ட் எழுதிய நோட்டு அவர்கள் வீட்டு மாடி பீரோவில் இருக்கிறது. எந்தத் தட்டு என்று எனக்கும் சொல்லிவைத்திருக்கிறார்.