அரட்டை அறையின் சாவி யாரிடம்?

2021 மே 19ஆம் திகதி ஃப்ரீநோட் என்ற அரட்டை வலையமைப்பை நடத்திவந்த தொண்டர்கள் கூட்டாக விலகினார்கள். உபுண்டு, விக்கிமீடியா உள்ளிட்ட ஏராளமான திறந்த மூலச் சமூகங்கள் நாளாந்தம் கூடிப் பேசிய இடம் அது. நடத்தியவர்கள் தொண்டர்கள்தான். ஆனால் அதன் பெயரைத் தாங்கிய நிறுவனம் 2017இலேயே கைமாறியிருந்தது. அந்தக் கைமாற்றத்தின் முழு அர்த்தம் நான்கு ஆண்டுகள் கழித்தே பலருக்குப் புரிந்தது.

விலகியவர்கள் லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்குள், தலைப்பில் லிபெராவைக் குறிப்பிட்டிருந்த நூற்றுக்கணக்கான அறைகளை ஃப்ரீநோட்டின் புதிய நிர்வாகம் கைப்பற்றியது. "நாங்கள் இடம்பெயர்ந்துவிட்டோம், புது விலாசம் இது" என்று கதவில் எழுதி வைத்ததுதான் குற்றம். எங்களுடைய இடப்பெயர்வுகளோடு இதை ஒப்பிட முடியாது. ஆனாலும் போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போக முடியாத நிலை என்னவென்று எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஜூன் மாதம் பழைய தரவுகளைக் கைவிட்டு ஃப்ரீநோட் புதிதாகத் தொடங்கியபோது, பதிவுசெய்த பெயர்களும் அறைகளும் இல்லாமற் போயின.

ஃபயர்பொக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லா இதற்கு முன்னரே, அவசரமில்லாமல் முடிவெடுத்தது. இரு தசாப்தமளவு பாவித்த ஐஆர்சியை விடுவதாக 2019இல் அறிவித்தார்கள். புதியவர்களுக்கு அது கடினம், தொந்தரவு செய்பவர்களைத் தடுப்பதும் கடினம் என்பவை காரணங்கள். ஸ்லாக், மெற்றர்மோஸ்ற், ரொக்கெட் சாட், மேட்ரிக்ஸ் ஆகியவற்றைச் சோதித்து, ஆண்டின் இறுதியில் மேட்ரிக்ஸைத் தெரிவுசெய்தார்கள். அது யாரும் தமது வழங்கியில் நடத்தக்கூடிய திறந்த நெறிமுறை. மின்னஞ்சல் போல, ஒரு வழங்கியில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேசலாம்.

இலவசம் என்ற சொல்லில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 2022 செப்டெம்பரில் ஸ்லாக் தனது இலவசக் கணக்குகளில் 90 நாட்களுக்கு முந்திய செய்திகளை மறைத்தது. ஏன் இந்த வழியில் நிரல் எழுதினோம், எந்த வழுவை யார் திருத்தினார் என்ற சமூகத்தின் நினைவு அப்படியே கண்ணிலிருந்து போய்விடுகிறது. டிஸ்கோர்ட்டில் இளையோரைச் சேர்ப்பது சுலபம், குரல் அறைகளும் நல்லவை. ஆனால் அங்கே கொடுத்த பதில் கூகுள் தேடலில் வராது. அடுத்தவர் அதே கேள்வியை மீண்டும் கேட்பார்.

இலங்கையில் இருந்து பங்களிப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் தொலைபேசி இலக்கம் எல்லோருக்கும் தெரியும். அந்த இலக்கம் தேசிய அடையாள அட்டையோடு பிணைந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் ஆவணங்களைத் தொகுக்கும் மென்பொருளில் வேலைசெய்பவருக்கு இது சின்ன விசயமல்ல. திகன வன்முறையின்போது 2018 மார்ச்சிலும், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் 2019 ஏப்ரலிலும் வட்ஸ்அப்பும் வைபரும் முகநூலும் முடக்கப்பட்டதையும் மறக்கமுடியாது. மேட்ரிக்ஸில் இலக்கம் கொடுக்காமலே கணக்குத் திறக்கலாம்.

என் பார்வையில் சிறு சமூகங்களுக்கு அதுவே பொருத்தம். சொந்த வழங்கி இலவசமல்ல என்பது வேறு கதை. மாதக் கட்டணத்தை ஒருவர் கட்டவேண்டும், இரவில் அது விழுந்தால் ஒருவர் எழும்பவேண்டும். அந்த ஒருவர் களைத்துப்போனால் சாவி யாரிடம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்கவேண்டும். லிபெரா சாட் அதைச் செய்தது: சுவீடனில் இலாப நோக்கற்ற சங்கமாகப் பதிவுசெய்துகொண்டது.