ஒழுக்குக்குச் சாட்சி என் முகமா?

எங்கள் குடியிருப்பின் பராமரிப்புப் பொறுப்பை வகிக்கும் செயற்பொறியாளர் அவர்களுக்கு,

ஐயா,

நேரிலும் தபாலிலும் நாங்கள் செய்துகொண்ட விண்ணப்பங்கள் எல்லாம் தங்கள் அலுவலக முத்திரையைப் பெற்ற மாத்திரத்தில் மோட்சமடைந்துவிட்டபடியால், நாலுபேர் கண்ணிலும் படும்படி இம்மடலை எழுதும் நிர்ப்பந்தம் எனக்கு ஏற்பட்டது. விதிகளைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அவற்றை எடுத்தோதும் அதிகப்பிரசங்கித்தனம் எனக்கு வேண்டாம். ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் தங்கள் சமூகத்தில் வைக்கிறேன்.

மேல்வீட்டுக் குளியலறைக் குழாயில் விரிசல் கண்டு, அந்நீர் எங்கள் கூடத்து மேல்தளத்தில் ஓதமாக இறங்கி, காரை பெயர்ந்து, துருவேறிய கம்பிகள் பட்டினி கிடந்தவனின் விலா எலும்புகளைப்போல் வெளியே தெரியலாயின. பிறகு அந்த நீர் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் புகுந்து, தொட்டால் ஷாக் அடிக்கவே, ஃபியூஸைப் பிடுங்கி வைத்தோம். விசிறியும் நின்றது, கிரைண்டரும் நின்றது. முதிய வயதில் என் தாயார், கூடத்து நடுவே வைத்த வாளியைச் சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டார்.

குழாயைச் செப்பனிடும் வித்தை எனக்குத் தெரியாது. மேல்வீட்டுச் சுவரில் கைவைக்க அதிகாரமும் கிடையாது. ஆகவே வாளியை மாற்றி வைத்த அவகாசங்களில், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைப் பிரித்துக்கொண்டேன். செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றிய அம்மகானின் சிரமங்களுக்கு முன்னே, என் வீட்டு ஒழுக்கு சற்று நேரமாவது சிறுத்துப்போயிற்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு அவர் சுவடி தேடிப் போனபோது, சிதைந்த ஏடுகளை ஆகமத்தில் சொல்லியபடி நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாக அங்கிருந்தவர் சொல்ல, கேட்டு அவர் மனம் பதைத்த கட்டத்தில் நான் ஆழ்ந்திருந்த சமயந்தான், தங்கள் உதவிப் பொறியாளர் வாசலில் வந்து நின்றார்.

செருப்பைக் கழற்ற மனமில்லாமல் நிலைப்படியிலிருந்தே எட்டிப் பார்த்தார், போய்விட்டார். அவர் எழுதிய ஆய்வறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுப்போட்டுத்தான் வாங்க முடிந்தது. அதில் கண்டது இது: ‘குடியிருப்பவர் நிம்மதியாகப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார், அவசரப் பணி ஏதும் தேவையில்லை.’ அதன் கீழே தங்கள் கையொப்பம்.

வாளியில் விழுந்த சொட்டு அவர் காதில் விழவில்லை. நான் பக்கம் புரட்டிய ஓசை விழுந்ததாக்கும்! ஐயா, ஒழுக்குக்குச் சாட்சி மேல்தளமா, என் முகமா? நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருந்தால் குழாய் உடைந்ததென்று ஒப்புக்கொண்டிருப்பீர்களோ? நாளைக்கு இத்தளமே இடிந்து விழுந்தால், உள்ளே அகப்பட்டவன் கையில் நாவல் ஏதும் இருந்ததா என்று விசாரித்த பிறகுதான் தீயணைப்புப் படைக்குச் சொல்லியனுப்புவீர்களோ? ஏட்டை எரித்தவர்களுக்காவது ஆகமம் என்றொரு சமாதானம் இருந்தது. எங்கள் மனுக்களை அலமாரியில் மக்கவிட்ட உங்களுக்கு எந்தச் சாஸ்திரம் துணை?

ஏழை எளியவன் தன் துன்பத்தை மறக்கக் கோயிலுக்குப் போகிறான், பாட்டுக் கேட்கிறான், புத்தகம் படிக்கிறான். அவன் மனத்தைத் தேற்றிக்கொண்டதையே அவனுக்குக் குறையில்லை என்பதற்கு அத்தாட்சியாகக் கொள்ளும் நிர்வாகம், அவனிடம் மிஞ்சியிருக்கும் அந்த ஒன்றையும் பறிமுதல் செய்கிறது.

குழாயைப் பழுதுபார்க்க உங்களுக்கு எப்போது மனம் வருமோ, அறியேன். அதுவரையில் அந்த ஒரு வாக்கியத்தையாவது அறிக்கையிலிருந்து அடித்துவிடுங்கள். எனக்குக் கிடைத்த நிம்மதி சாமிநாதையர் கொடுத்தது; அதை உங்கள் அலுவலகக் கணக்கில் வரவு வைக்க நான் சம்மதியேன்.

இப்படிக்கு,
கீழ்வீட்டில் குடியிருப்பவன்